உயரத்தில் உழைப்பும் உயிர்க் காப்பும்



உயரத்தில் வேலை செய்வோர் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர்கள் யார்? கோலாலம்பூரின் வானளாவிய கட்டடங்களில் சாரம் கட்டுகிறவர்கள், பாலங்களுக்கு வர்ணம் பூசுகிறவர்கள், மின்கம்பங்களில் ஏறுகிறவர்கள். தோட்டத்துத் தொழிலாளி தரையில் நின்று வேலை செய்பவர்தாமே, அவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும்.

சற்றே எண்ணிப் பாருங்கள். பால் மரத்தில் ஏணி சாய்த்து வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிமார். லயத்து வீட்டின் கூரை ஒழுகினால் தகரத்தின் மேல் ஏறியவர் நம் தந்தையார். கோயில் திருவிழாவுக்கு விளக்குத் தோரணம் கட்டுவதும், இளநீர் பறிக்கத் தென்னையில் ஏறுவதும் நம் பிள்ளைகள்தாம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் கொந்தராத்து வேலைக்குப் போகிற இளைஞர்களில் பலர் இன்று கூரையிலும் சாரத்திலும் நிற்கிறார்கள்.

பத்தடி உயரம் ஒரு பெரிய உயரமா? ஏறும்போது அப்படித் தோன்றாது. ஆனால் பத்தடியிலிருந்து விழுகிறவர் முக்கால் விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் தரையை அடைந்துவிடுவார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். அந்த முக்கால் விநாடியில் எந்தத் திறமைசாலியாலும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. காப்பதென்றால் ஏறுவதற்கு முன்பே காத்தாக வேண்டும். அப்படிக் காக்க மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நம் முன்னோர் விட்டுவந்த ஊர்களிலிருந்து தொடங்குவோம். திருநெல்வேலி, இராமநாதபுரம் வட்டாரங்களில் பனையேறுவது தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். பருவ காலத்தில் ஒருவர் நாள்தோறும் பல மரங்கள் ஏறி இறங்குவார். அவருக்குத் துணை காலில் மாட்டிய தளைநாரும் கைப்பழக்கமும்தான். மழையில் மரம் வழுக்கினாலோ, மட்டை முறிந்தாலோ அவரைத் தாங்கிப் பிடிக்க வேறொன்றும் கிடையாது. அப்படி விழுந்தால் அதை விதி என்று சொல்லி ஊர் அழுதது. மலாயாவுக்கு வந்தபின் தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்காகத் தென்னை ஏறியவர்களும் அதே பழக்கத்தைத்தான் உடன் கொண்டுவந்தார்கள்.

வெகு காலம் கழித்துக் கேரளத்தில் இதற்கு ஒரு மாற்று வந்தது. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி, இரும்புக் கம்பி வளையத்தால் மரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் இரண்டு மிதிகளைக் கொண்ட ஏறு கருவியை உருவாக்கினார். ஒரு காலைத் தூக்கி மறுகாலை ஊன்றி, படியேறுவது போல் மரமேறலாம். இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் இளைஞர்களுக்கு இந்தக் கருவியில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது பெண்களும் கற்றுக்கொண்டு ஏறினார்கள். மரமும் உயரமும் பழையனவே. கருவி மாறியதும், ஒரு சிலரின் தனித்திறமையாக இருந்த தொழில் எல்லாரும் கற்கக்கூடியதாயிற்று.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். ரப்பரின் மலாயா வரலாறு நம் அண்டை ஊரில்தான் தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. சுங்கை சிப்புட் அந்தக் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அந்த ஒன்பது கன்றுகளின் வழியில் எல்பில், ஹீவுட், கமுனிங் என்று நம் வட்டாரமெங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன.

மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி வகுத்தார். வெட்டு நெஞ்சளவு உயரத்தில் தொடங்கும். நாளுக்கு நாள் கீழிறங்கி, சில ஆண்டுகளில் அடிமரத்தை எட்டும். பின்பு மறுபக்கம். அதன் பிறகு மீண்டும் வளர்ந்த பட்டை. இப்படிச் சுற்றிச் சுற்றி வெட்டியபின் கீழ்ப்பட்டை தேய்ந்துபோகும். ஆனால் அதற்கு மேலே, ஆளெட்டாத உயரத்தில், கத்தியே படாத புதுப்பட்டை பால் நிறைந்து நிற்கும்.

அதை எடுக்க வந்ததுதான் ஏணி வெட்டு. விடியாத இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் ஏணி, மறுகையில் கத்தி. மேட்டு நிலமானால் ஏணியின் ஒரு கால் மேலே நிற்கும், மறுகால் பள்ளத்தில் இறங்கும். இரவு மழை பெய்திருந்தால் படி வழுக்கும். கண்ணும் கவனமும் வெட்டுக் கோட்டில் இருக்க வேண்டும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அப்படியானால் காலைக் கவனிப்பது எப்போது? ஒரு மரம் முடிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரம். ஏறி இறங்கும் நேரத்தால் ஒரு நாளில் வெட்டக்கூடிய மரங்களின் எண்ணிக்கையும் குறையும். மரக்கணக்குக் குறைந்தால் முகம் சுளிக்கும் கங்காணியை எண்ணி, அவசரத்தில் ஏணியைச் சரியாக ஊன்றாமல் ஏறுவதும் உண்டு.

இந்த நிலை எப்படி மாறியது? ஏணியைப் பத்திரமாகப் பிடி என்று புத்தி சொன்னதால் மாறவில்லை. 1925இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் பட்டையையும் பாலையும் ஆராய்ந்து வந்தது. பாலை ஊறச்செய்யும் எத்திபான் என்ற மருந்து 1970களில் புழக்கத்துக்கு வந்தது. அதனால் நீண்ட வெட்டுக்குப் பதில் குறுகிய வெட்டிலேயே போதிய பால் கிடைத்தது. அதனுடன் நீண்ட கைப்பிடி பொருத்திய உளியும் சேர்ந்தது. தொழிலாளி தரையில் நின்றபடியே, தலைக்கு மேலுள்ள பட்டையைக் கீழிருந்து மேலாக வெட்டலாம். இதற்கு மேல்நோக்கி வெட்டும் முறை என்று பெயர். 1980களில் இது தோட்டங்களில் பரவியது.

நேயர்களே, இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் நாடியது கூடுதல் பால், குறைந்த செலவு. ஆனாலும் அந்தக் கைப்பிடி நீண்ட அளவுக்குத் தொழிலாளி ஏணியிலிருந்து கீழே இறங்கினார். உயரத்து விபத்தைத் தடுக்கும் முதல் வழி உயரத்துக்கே போகாதிருப்பதுதான். வேலையைத் தரைக்குக் கொண்டுவர முடியுமானால், அதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

ஆனால் ஒரு கருவி ஓர் ஆபத்தை நீக்கும்போது மற்றோர் ஆபத்தைக் கொண்டுவந்துவிடுவதும் உண்டு. செம்பனையைப் பாருங்கள். பால் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது, குலை வெட்டுகிறவர் மரமேற வேண்டியிருக்கவில்லை. நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டித் தரையிலிருந்தே வெட்டினார். முன்பு அந்தக் கழி மூங்கிலாக இருந்தது. மரங்கள் உயர உயர, எடை குறைந்த அலுமினியக் கழி வந்தது. அலுமினியமோ மின்சாரத்தைக் கடத்தும். தோட்டத்தின் ஊடாகச் செல்லும் மின்கம்பியில் கழி பட்டால், தரையில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. உயரத்தில் இருக்கும் குலையும், கத்தியும், மட்டையும் கீழே நிற்பவர் தலையில் விழக்கூடியவை. ஆகவே உயரத்துப் பாதுகாப்பு என்பது மேலே நிற்பவருக்கு மட்டும் உரியதன்று, கீழே நிற்பவருக்கும் உரியது. குலை வெட்டும் இடத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்கள் விலகி நிற்க வேண்டியதும் இதனால்தான்.

எல்லா வேலையையும் தரைக்கு இறக்கிவிட முடியாது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் பலோங் என்ற நீண்ட மரத்தொட்டியை மரக்கால்களின் மேல் உயர்த்திக் கட்டினார்கள். மண்ணும் நீரும் அதன் சரிவில் ஓடி வரும்போது கனமான ஈயமணல் அடியில் தங்கும். உயரம் இல்லாவிட்டால் சரிவு இல்லை, சரிவு இல்லாவிட்டால் ஈயம் இல்லை. அங்கே உயரமே தொழிலின் உயிர். 1985இல் ஈய விலை வீழ்ந்த பிறகு அந்தப் பலோங்குகள் மறைந்தன. இருந்தாலும் பாலம், கோபுரம், கூரை போன்றவற்றை மேலே ஏறாமல் கட்ட முடியாது. அப்போது என்ன செய்வது?

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1933 முதல் 1937 வரை அவர் பொறுப்பில் கட்டப்பட்டது. பாலத்தின் அடியில் அவர் ஒரு பெரிய வலையை விரிக்கச் செய்தார். தவறி விழுந்த 19 பேரை அந்த வலை தாங்கிப் பிடித்தது. ஆனால் 1937 பிப்ரவரி 17ஆம் நாள் சாரத்தின் ஒரு பகுதி பெயர்ந்து வலையின் மேல் விழுந்தது. அந்த எடையை வலை தாங்கவில்லை, கிழிந்தது. ஒரே நாளில் பத்துப் பேர் மாண்டார்கள். வலை மனித எடையைத் தாங்கக் கட்டப்பட்டது. சாரத்தின் எடையைத் தாங்க அது கட்டப்படவில்லை. காப்பு என்று பெயருக்கு ஒன்றை மாட்டிவைத்தால் போதாது, எந்த எடையை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டுச் சோதித்திருக்க வேண்டும் என்பதை அந்தப் பத்து உயிர்கள் உலகுக்குச் சொல்லிச் சென்றன.

கருவி மாறிய கதை இது. சட்டம் மாறிய கதையும் உண்டு.

வேலையில் அடிபட்டால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்று பிரிட்டன் 1897இல் ஒரு சட்டம் செய்தது. எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்தவில்லை. கட்டட வேலையைப் பொறுத்தவரை, முப்பது அடிக்கு மேற்பட்ட உயரமுள்ளதும் சாரம் கட்டி வேலை நடப்பதுமான கட்டடம் போன்றவற்றுக்கே பொருந்தியது. இருபத்தைந்து அடியிலிருந்து விழுந்தவரின் எலும்பு மட்டும் உடையாதா என்று இன்று நாம் கேட்கலாம். ஆனாலும் உயரம் ஓர் ஆபத்து, அதற்கு வேலை கொடுப்பவர் பொறுப்பு என்ற எண்ணம் சட்டப் புத்தகத்தில் ஏறியது. இந்தியாவில் 1923இலும் மலாயாவில் 1952இலும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் வந்தன. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின், பி. பி. நாராயணன் போன்றவர்களின் தலைமையில் தொழிலாளிக்காகப் பேச ஓர் அமைப்பும் கிடைத்தது.

நட்டஈட்டுச் சட்டத்தில் ஒரு குறை இருந்தது. தொகை ஒரே முறையாகக் கிடைக்கும். பிள்ளைகள் வளர்வதற்குள் அது கரைந்துபோகும். 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. அதன்படி 1971இல் தொடங்கிய சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தையே நாம் சொக்சோ என்கிறோம். வேலை விபத்தில் இறந்தவரின் துணைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் உதவித்தொகை, அடிபட்டவருக்கு மருத்துவம், ஊனமுற்றவருக்கு மறுவாழ்வு என்று அது அமைந்தது.

ஈடு கொடுப்பது விழுந்த பிறகு நடப்பது. விழாமல் தடுப்பது எப்போது சட்டமாயிற்று? 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டத்தின் கீழ் 1970இல் வந்த விதிகளில் ஒன்று, பத்தடிக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்றது, முடிந்த இடங்களில் வாரும் கயிறும் வேண்டும் என்றது. 1986இல் கட்டுமான வேலைகளுக்கென்றே விதிகள் வந்தன. ஆனால் இவை தொழிற்சாலையையும் கட்டுமான இடத்தையும் நோக்கியவை. பால் மரத்தில் ஏணி சாய்த்தவர் அவற்றின் பார்வையில் படவில்லை.

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று வெடித்துப் பலர் மாண்டார்கள். நாடு அதிர்ந்தது. 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. விவசாயமும் அதில் சேர்க்கப்பட்டதால் தோட்டத்து நிலமும் உள்ளே வந்தது. ஏணி வெட்டுத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே, மரத்தடியில் நிற்பவரைச் சட்டம் திரும்பிப் பார்த்தது என்பதை நாம் மறக்கலாகாது. 2022இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அன்றே 1967ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது. வீட்டுப் பணியாளர், ஆயுதப்படை, கப்பல் வேலை போன்ற சில விலக்குகளைத் தவிர, எல்லா வேலையிடங்களும் இப்போது இதற்குள் அடங்கும். உயிருக்கு உடனடி ஆபத்து உண்டு என்று நம்பத் தக்க காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று திருத்தம் கூறுகிறது. பெரட்டில் நின்று கங்காணியின் முகம் பார்த்த தலைமுறைக்கு இப்படி ஓர் உரிமை கனவிலும் இருந்ததில்லை.

இங்கேதான் நம் குடும்பங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவருக்கு முதலாளி யார் என்பது தெரியும். கிராணியின் புத்தகத்தில் பெயர் இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய பிள்ளையோ, இன்று ஒருவரிடம் நாட்கூலிக்குக் கூரை வேய்கிறான், நாளை மற்றொருவரிடம் வர்ணம் பூசுகிறான். அவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லாமற் போகலாம். விழுந்த பிறகு, இவன் என் ஆளே இல்லை என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது. ஆகவே மகன் புது வேலைக்குப் போனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, சொக்சோவில் பெயர் பதிந்தார்களா என்றும் தாய் தந்தையர் கேட்க வேண்டும். சொந்தமாகக் கொந்தராத்து எடுப்பவர்களுக்காக 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு திட்டம் இருக்கிறது. முதலில் வாடகை வண்டி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கி, பின்பு விவசாயம், கட்டுமானம் முதலிய துறைகளுக்கும் அது விரிந்தது. தாமே சந்தா கட்டிச் சேரலாம்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய வரிசை ஒன்று உண்டு.

முதலில், ஏறாமல் முடியுமா என்று பாருங்கள். நீண்ட கழியில் தூரிகை கட்டிப் பூசலாம், தோரணத்தைத் தரையில் கோத்து முடித்துவிட்டுத் தூக்கலாம். ஏறித்தான் ஆக வேண்டுமானால், அடுத்தது தடுப்பு. சாரத்துக்குக் கைப்பிடிக் கம்பியும், கீழே பொருள் உருண்டு விழாமல் ஓரப் பலகையும் வேண்டும். தடுப்பும் கட்ட முடியாத இடத்தில்தான் கயிறும் வாரும். இடுப்பில் மட்டும் கட்டும் வார் விழும்போது வயிற்றையும் முதுகையும் முறிக்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிணைக்கும் வாரே நல்லது. கயிற்றைத் தலைக்கு மேலே, ஆள் எடையை உதறித் தாங்கக்கூடிய உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். விழுந்து தொங்குபவரை உடனே இறக்கவும் ஏற்பாடு வேண்டும். வெகு நேரம் தொங்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

ஏணிக்கு ஒரு கணக்கு உண்டு. நான்கடி உயரத்துக்கு ஓரடி என்று அடிப்பாகம் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பன்னிரண்டடிச் சுவருக்கு மூன்றடி. மேலே இறங்கும் இடத்துக்கு அப்பால் மூன்றடி நீண்டிருக்க வேண்டும். இரு கால்களும் ஒரு கையும், அல்லது இரு கைகளும் ஒரு காலும் எப்போதும் ஏணியில் பதிந்திருக்க வேண்டும். கருவிகளைப் பையில் போட்டுக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். மின்கம்பி அருகில் அலுமினிய ஏணி ஆகவே ஆகாது. பழைய அஸ்பெஸ்டாஸ் தகட்டிலும் வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் தகட்டிலும் கால் வைக்காதீர்கள். பார்க்கக் கெட்டியாகத் தோன்றும், மிதித்தால் உடையும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால், பதறிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அசைப்பதே ஊனமாக்கிவிடும். அசைக்காமல் 999க்கு அழையுங்கள். வேலை விபத்தானால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது குடும்பத்தின் கடமை. விபத்து நடந்த நாள், நேரம், இடம், அருகில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முதுமொழி. சறுக்கியவனைக் குறை சொல்ல அது எழவில்லை. எவ்வளவு வலியவனும் சறுக்கக்கூடும் என்ற உண்மையைச் சொல்லவே எழுந்தது. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் ஒரு நாள் சறுக்கும். அந்த நாளுக்காகத்தான் தடுப்பும், வலையும், வாரும், சட்டமும். இவற்றைக் கேட்பது கோழைத்தனம் என்று இளைஞர்கள் எண்ணலாகாது. மாலையில் வாசலைப் பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு அப்பா நடந்து வர வேண்டும். அதற்கு மேலான வீரம் உழைப்பவனுக்கு வேறென்ன இருக்கிறது?